மைசூர் புத்தகத்துக்குள் ஸ்ரீபெரும்புதூர்

மறைமலை நகரிலிருந்து தெற்கே அடுத்த ஸ்டேஷன் சிங்கப்பெருமாள் கோவில். ஜி.எஸ்.டி. சாலையில் அங்கே வலப்பக்கம் திரும்பினால் ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேரலாம். கன்டெய்னர் லாரி, புதுக் கார்களை அடுக்கிச் செல்லும் டிரெய்லர், ஷிப்ட் பஸ் என்று இந்தச் சாலை இரவிலும் ஓய்வதில்லை. இதன் மறுமுனையில் இருக்கும் ஸ்ரீபெரும்புதூரை இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரி நேரில் பார்த்து வரைந்தார். அது செப்புத் தகட்டில் ஏறி, லண்டனில் அச்சாகி, வண்ணத்தோடு விற்பனைக்கும் வந்தது. இந்த வட்டாரத்தில் வேலை பார்த்துக் குடியிருக்கும் லட்சக்கணக்கானவர்களில் மிகச் சிலருக்கே இது தெரிந்திருக்கும். எனக்கும் தற்செயலாகத்தான் தெரிய வந்தது. காரணம், அந்தப் படம் இருக்கும் புத்தகத்தின் தலைப்பில் ஸ்ரீபெரும்புதூரும் இல்லை, செங்கல்பட்டும் இல்லை, சென்னையும் இல்லை. ‘மைசூர் ராஜ்யத்தின் எழிற்காட்சிகள்’ என்பது தலைப்பு.

வரைந்தவர் ஜேம்ஸ் ஹண்டர். பிரிட்டிஷ் பீரங்கிப் படையில் லெப்டினன்ட். திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் பங்கெடுத்தவர். 1792-இல் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற ஓவியங்களில் 40-ஐ எடுத்து எட்வர்ட் ஆர்ம் என்ற லண்டன் பதிப்பாளர் 1804, 1805 ஆண்டுகளில் வண்ண அக்வாடின்ட் படங்களாக வெளியிட்டார். பெங்களூர் அரண்மனையும் ஓசூரும் அதில் இருப்பதில் வியப்பில்லை. கூடவே சென்னை, காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர் என்று மைசூர் ராஜ்யத்துக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத ஊர்களும் இருக்கின்றன. செங்கல்பட்டுச் சீமையை ஆர்க்காட்டு நவாப் முகமது அலி 1763-இலேயே கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்துவிட்டார். ஹண்டர் வந்து நின்றபோது ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி மண். அப்புறம் எப்படி மைசூர் புத்தகத்துக்குள் போனது?

பாதைதான் காரணம் என்று நினைக்கிறேன். சென்னைக் கோட்டையிலிருந்து புறப்படும் படை பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம், ஆர்க்காடு என்று மேற்கே போய்த்தான் மைசூர் எல்லையைத் தொட முடியும். படையோடு போன ஓவியர் முகாம் போட்ட ஊர்களை எல்லாம் வரைந்தார். பதிப்பாளருக்கு லண்டன் சந்தைதான் முக்கியம். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு இறந்த பிறகு ‘மைசூர்’ என்ற சொல்லுக்கு இங்கிலாந்தில் இருந்த மவுசு ‘செங்கல்பட்டு’க்கு இல்லை. எனவே வழியில் பார்த்த ஊர்களும் மைசூர் என்ற தலைப்பின் கீழ் கட்டுக்குள் போயின. அதற்கு முன்பே, மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்த கையோடு, ராபர்ட் கோல்புரூக், அலெக்சாண்டர் ஆலன், ராபர்ட் ஹோம் ஆகியோரின் மைசூர்ப் படத் தொகுப்புகள் 1793, 1794 வாக்கில் அடுத்தடுத்து வந்திருந்தன. சந்தை தயாராக இருந்தது.

ஒரு சேகரிப்பாளர் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுதான் என்பேன். தமிழ்நாட்டு ஊர்களின் பழைய செதுக்கோவியங்களைத் தேடுகிறவர் ‘மெட்ராஸ்’ என்று தேடினால் பாதிகூடக் கிடைக்காது. மைசூர், கர்நாடிக், கோரமண்டல், இந்தோஸ்தான் என்ற தலைப்புகளுக்குள் நம் ஊர்கள் ஒளிந்திருக்கின்றன. அதுவும் அடையாளம் தெரியாத எழுத்துக்கூட்டலில். ஸ்ரீபெரும்புதூர் ‘பெர்மதுரா’ என்ற சாயலில் இருக்கும். காஞ்சிபுரம் கஞ்சீவரம் ஆகும். ஓசூர் ‘ஊசூர்’ ஆகும். மாமல்லபுரம் மாவலிபுரமாகி அதற்குமேலும் சிதையும். வெளிநாட்டுக் கடைக்காரருக்கு இவை எந்த ஊர்கள் என்று தெரிவதில்லை. தெரியாததால் ‘இந்தியக் கோயில் ஒன்று’ என்ற பொதுப் பெயரோடு விற்கிறார். அந்த ஊரின் குளத்தையும் தேரடியையும் தினமும் பார்க்கிறவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடும். இந்தத் துறையில் நம்மவர்களுக்குப் பணத்தை விடப் பெரிய மூலதனம் இந்த ஊர் அறிவு.

படம் எப்படிப் பிறந்தது என்று தெரிந்தால்தான் அதன் மதிப்பும் தெரியும். இந்தப் பகுதியில் டூல் ரூமில் வேலை செய்கிறவருக்கு அதை விளக்குவது சுலபம். காரின் டாஷ்போர்டைத் தடவிப் பாருங்கள். தோல் மாதிரி ஒரு சொரசொரப்பு இருக்கும். அச்சு எஃகின் மேல் சில இடங்களை மறைத்துவிட்டு, மறைக்காத இடங்களை அமிலத்தால் அரிக்கவிட்டு அந்தச் சொரசொரப்பை உண்டாக்குவது வழக்கம். அக்வாடின்ட் இதே தத்துவம்தான். மெருகேற்றிய செப்புத் தகட்டின் மேல் பிசின் தூளைத் தூவிச் சூடு காட்டுவார்கள். தூள் உருகிச் சின்னச் சின்னப் பொட்டுகளாக ஒட்டிக்கொள்ளும். அமிலத்தில் வைத்தால் பொட்டுகளுக்கு இடையில் உள்ள செம்பு மட்டும் அரிபடும். அரிபட்ட பள்ளங்களில் மை தங்கும். வானம் வெளிறித் தெரிய வேண்டுமா, சிறிது நேரத்திலேயே அந்தப் பகுதியை வார்னிஷ் பூசி மூடிவிடுவார்கள். கோபுரத்தின் நிழல் கருக்க வேண்டுமா, மறுபடி மறுபடி அமிலத்தில் இறக்குவார்கள். கோடுகளைத் தனியாக ஊசியால் கீறி அமிலத்தில் அரிப்பது எட்சிங். அமிலமே இல்லாமல் கூர் உளியால் நேரடியாகச் செம்பை உழுவது சுத்தமான செதுக்கு. மூன்றும் ஒரே தகட்டில் சேர்ந்தும் வரும்.

செம்பு மிருதுவான உலோகம். ஒவ்வொரு முறை மை பூசித் துடைத்து அழுத்தும்போதும் தேயும். அக்வாடின்டின் நுண்பொட்டுகள் இன்னும் சீக்கிரம் தேய்ந்துவிடும். சில நூறு பிரதிகளுக்கு மேல் தகடு நல்ல நிலையில் தாங்காது. தேய்ந்த டையிலிருந்து வரும் பாகத்தில் விளிம்பு மழுங்கியிருப்பதைக் குவாலிட்டி பிரிவில் இருப்பவர் எப்படிக் கண்டுபிடிக்கிறாரோ, அப்படியே பிந்திய பிரதியையும் கண்டுபிடிக்கலாம். நிழல்களில் ஆழம் குறைந்திருக்கும். மரங்களின் இருட்டு சாம்பல் பூத்திருக்கும். 1820-களில் எஃகுத் தகடு பரவிய பிறகுதான் ஆயிரக்கணக்கில் கூர் குறையாமல் அச்சிட முடிந்தது. 1842-இல் தொடங்கிய ‘இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்’ போன்ற வாரப் பத்திரிகைகள் மரக்கட்டையில் செதுக்கிய படங்களை எழுத்துகளோடு சேர்த்தே அச்சடித்தன. அந்தப் பத்திரிகைத் தாள்கள்தாம் இன்றும் சாதாரணச் சம்பளக்காரர் கைக்கு எட்டுகிற விலையில் கிடைப்பவை.

இனி, படம் உண்மை சொல்கிறதா என்ற கேள்வி. சென்னைக் கோட்டையின் மிகப் புகழ்பெற்ற பழைய அச்சுப் படங்களில் இரண்டை எடுத்துக்கொள்வோம். ஜார்ஜ் லாம்பர்ட், சாமுவேல் ஸ்காட் என்ற இருவர் 1730-களின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் தலைமையகத்துக்காகச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையை எண்ணெய் ஓவியமாகத் தீட்டினார்கள். அதைப் பார்த்து ஜெரார்ட் வாண்டர்குக்ட் செம்பில் செதுக்கினார். அடுத்தது 1754-இல் ஜான் வான் ரைன் செதுக்கியது. அலைகள், கப்பல்கள், மதில், கொடி என்று இரண்டிலும் குறையில்லாமல் இருக்கின்றன. ஆனால் லாம்பர்ட்டும் ஸ்காட்டும் சென்னையைக் கண்ணால் பார்த்ததில்லை. வான் ரைன் கிழக்கே பயணம் செய்தாரா என்பதே ஐயத்துக்கு உரியது. பிறர் கொண்டுவந்த வரைபடங்களையும் சொல் விவரங்களையும் வைத்து லண்டனில் உட்கார்ந்து உருவாக்கியவை இவை. கம்பெனியின் பெருமைக்குச் சாட்சியாக இவற்றை ஏற்கலாம். கோட்டையின் ஜன்னல் எண்ணிக்கைக்குச் சாட்சியாக ஏற்க முடியாது.

படத்தின் அடியில் பொடி எழுத்தில் மூன்று பெயர்கள் இருக்கும். இடப்பக்கம் ‘டெலின்.’ அல்லது ‘பிங்க்ஸ்.’ என்ற சுருக்கத்தோடு வரைந்தவர் அல்லது தீட்டியவர். வலப்பக்கம் ‘ஸ்கல்ப்.’ என்ற சுருக்கத்தோடு செதுக்கியவர். நடுவில் வெளியிட்டவர் பெயரும் முகவரியும் தேதியும். இந்தத் தேதி தானாக வந்ததல்ல. ஓவியர் வில்லியம் ஹோகார்த் போராடிப் பெற்ற 1735-ஆம் ஆண்டுச் சட்டம் செதுக்கோவியங்களுக்குப் பதிப்புரிமை தந்தது. அந்த உரிமை வேண்டுமென்றால் உரிமையாளர் பெயரும் வெளியிட்ட நாளும் தகட்டிலேயே இருக்க வேண்டும் என்றது. இங்கிலாந்துப் படங்களை நாள் கணக்கில் காலம் குறிக்க முடிவது அதனால்தான். அறியாமல் சிலர் பிரேமுக்குள் அழகாக அடங்குவதற்காக இந்தக் கீழ் வரியை வெட்டி எறிந்துவிடுகிறார்கள். பத்திரத்தில் கையெழுத்துப் பக்கத்தைக் கிழித்துப் போடுவதற்குச் சமம் அது.

அந்த மூன்று பெயர்களை வைத்து நான் ஒரு படத்தை விசாரிப்பேன். வரைந்தவர் ஊருக்கு வந்தாரா? செதுக்கியவரும் அவரும் ஒருவரா, வேறா? அச்சாகும்போது வரைந்தவர் உயிரோடு இருந்து சரிபார்த்தாரா? ஹண்டரின் ஸ்ரீபெரும்புதூருக்கு முதல் கேள்வியில் முழு மதிப்பெண். அவர் வந்தார், பார்த்தார். மற்ற இரண்டிலும் படம் தடுமாறுகிறது. செதுக்கியவர்கள் லண்டன் கைவினைஞர்கள். அச்சானபோது ஹண்டர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. ‘இந்தத் தூணில் இருப்பது யாளி, சிங்கமில்லை’ என்று திருத்த ஆளில்லை. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தகட்டில் செதுக்குவது தாளில் கண்ணாடிப் பிம்பமாகத் திரும்பி விழும். செதுக்குபவர் அதை முன்கூட்டியே கணக்கிட்டுத் திருப்பிச் செதுக்க வேண்டும். கவனக்குறைவானவர் செதுக்கினால் கோபுரத்துக்கு இடப்பக்கம் இருக்க வேண்டிய குளம் வலப்பக்கம் போய்விடும். இதைக் கண்டுபிடிக்க எந்த நிபுணரும் வேண்டாம். ஆதிகேசவப் பெருமாள் கோயிலைச் சுற்றி வளர்ந்த ஒரு பையன் போதும்.

மூன்று கேள்விக்கும் நிமிர்ந்து பதில் சொல்லும் படங்களும் உண்டு. தாமஸ் டேனியல், அவர் அண்ணன் மகன் வில்லியம் டேனியல் ஆகியோரின் படங்கள் அவை. இருவரும் 1786-இல் கல்கத்தா வந்து இறங்கியவர்கள். அந்த நகரின் 12 காட்சிகளைத் தாங்களே தகட்டில் செதுக்கிப் பழகியவர்கள். 1792 மார்ச்சில் சென்னைக்கு வந்தார்கள். அந்த மாதம்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தாகி, பாராமகாலும் திண்டுக்கல்லும் கம்பெனி கைக்கு வந்திருந்தன. ஏப்ரலில் புறப்பட்டு, போர் முடிந்து தூசி அடங்காத ஓசூர், ராயக்கோட்டை வழியாக இறங்கி, திருச்செங்கோடு, மதுரை, பாபநாசம், குமரிமுனை, ராமேசுவரம், திருச்சி, தஞ்சாவூர் என்று சுற்றி 1793 தொடக்கத்துக்குள் சென்னை திரும்பினார்கள். ‘கேமரா அப்ஸ்கியூரா’ என்ற இருட்டுப் பெட்டிக் கருவி அவர்களிடம் இருந்தது. காட்சி அதன் வழியாகத் தாளில் விழும். விழுந்த கோட்டின் மேல் பென்சில் ஓடும். ஊர் திரும்பிய பின் 1795 முதல் 1808 வரை உழைத்து ‘ஓரியண்டல் சீனரி’ என்ற பெயரில் 144 அக்வாடின்ட் படங்களை வெளியிட்டார்கள். முழுத் தொகுப்பின் விலை அன்றைக்கு 210 பவுன்.

மதுரை திருமலை நாயக்கர் மகாலை அவர்கள் வரைந்திருப்பது என் மனத்துக்கு மிக நெருக்கமானது. 1636 வாக்கில் எழுந்த அந்த அரண்மனையின் பெரும்பகுதியை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் காலத்திலேயே பிரித்து எடுத்துவிட்டார்கள் என்பது வழிவழிச் செய்தி. மிஞ்சியதை 1860-களிலும் 70-களின் தொடக்கத்திலும் சென்னை கவர்னர் நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்தார். கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஷோம் அதில் ஈடுபட்டார். இன்று மாலையில் ஒலி-ஒளிக் காட்சி பார்க்கப் போகும் நாம் காண்பது அந்தப் பழுதுபார்ப்புக்குப் பிந்திய மகாலை. டேனியல்களின் படங்கள் அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முந்தியவை. இடையில் 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி சென்னை அரசுக்காக அதே மகாலைப் புகைப்படம் எடுத்தார். ஆக 1792-இன் கை, 1858-இன் கேமரா, இன்றைய செல்போன் என்று மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால் எந்த வளைவு நாயக்கருடையது, எந்தப் பூச்சு நேப்பியர் காலத்தது என்று பிரித்துச் சொல்லத் தொடங்கலாம். பழைய அச்சுப் படத்தைச் சுவர் அலங்காரம் என்று நினைப்பவரை மாற்ற இந்த ஓர் உதாரணம் போதும்.

டேனியல்களிடமும் மிகை உண்டு. எழில்மிகு காட்சி என்ற அக்கால ரசனைக்காக மரத்தை நகர்த்துவார்கள். முன்னால் மாட்டு வண்டியையோ மனிதர்களையோ கொண்டுவந்து வைப்பார்கள். இருந்தாலும் தூணின் கனம், கோபுரத்தின் அடுக்கு, சுவர் விரிசலில் முளைத்த செடி ஆகியவற்றில் அவர்கள் கை நடுங்குவதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் படத்தை வைத்துக்கொண்டு கோயிலுக்கு எதிரே நின்று பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

சென்னைக்குள் அவர்கள் வரைந்தவற்றில் கோட்டையும் கறுப்பர் நகரமும் கிண்டி குதிரைப் பந்தயத் திடலருகே இருந்த கூட்ட மாளிகையும் உண்டு. அந்த மாளிகை இன்று இல்லை. மறைமலை நகர்க்காரர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இன்னொரு படத்தை. ‘பரங்கிமலை அருகே ஆர்மீனியப் பாலம்’ என்பது அதன் தலைப்பு. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே, கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் 1726-இல் தன் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம். மர்மலாங் பாலம் என்று ஊர் அழைத்தது. வளைவு வளைவாக ஆற்றின் மேல் நீண்டு கிடந்த அந்தப் பாலம் இருபதாம் நூற்றாண்டின் போக்குவரத்தைத் தாங்கவில்லை. 1966-இல் அதன் இடத்தில் புதிய பாலம் வந்தது. புதிய பாலத்துக்கு வைத்த பெயர் மறைமலை அடிகள் பாலம். சென்னையின் நெரிசலைக் குறைக்கப் பிறகு அமைத்த துணை நகரத்துக்கும் அதே தனித்தமிழ் அறிஞரின் பெயரைத்தான் வைத்தார்கள். ஜி.எஸ்.டி. சாலையில் பஸ் ஏறி அண்ணா சாலைக்குப் போகும் ஒருவர், மறைமலை அடிகள் பெயரில் உள்ள ஊரில் புறப்பட்டு அவர் பெயரில் உள்ள பாலத்தைக் கடக்கிறார். அந்த இடத்தில் முன்பு நின்ற பாலத்தின் முகம் டேனியல்கள் அச்சிட்ட தாளில் இருக்கிறது. உஸ்கான் வைத்த பழைய கல்வெட்டுப் பலகை புதிய பாலத்தின் ஓரத்தில் நிற்கிறது.

இவற்றை எங்கே பார்ப்பது? செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் உள்ள அருங்காட்சியகத்தில் சென்னை சார்ந்த பழைய அச்சுப் படங்கள் இருக்கின்றன. டேனியல்களின் ஓவியங்களுக்குக் கல்கத்தா விக்டோரியா நினைவகம் பெயர் பெற்றது. பிரிட்டிஷ் லைப்ரரியின் படங்களில் பலவற்றை இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். வாங்க நினைப்பவர் முதல் ஓராண்டு பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. மில்ட்ரெட் ஆர்ச்சர் டேனியல்கள் பற்றி 1980-இல் எழுதிய நூலும், ஃபெரோசா கோத்ரெஜும் பாலின் ரோஹத்கியும் சேர்ந்து 1989-இல் கொண்டுவந்த இந்திய அச்சுக் காட்சிகள் பற்றிய நூலும் நல்ல வழிகாட்டிகள். இரண்டும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழில் இப்படி ஒரு நூல் வர வேண்டும்.

ஒரு காலத்தில் மூர் மார்க்கெட் இருந்தது. 1985 மே மாதத் தீயில் எரிந்துபோகும் வரை, பழைய புத்தகக் குவியல்களுக்குள் இப்படிப்பட்ட தாள்கள் அகப்படும் என்று மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று பெரும்பாலும் ஏலமும் இணைய விற்பனையும்தான். அங்கே போலிகளை விட மறுபதிப்புகளே அதிகம். பத்து மடங்கு பெருக்கும் ஒரு லூப் கையில் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். என்னிடம் உள்ள ஓர் அக்வாடின்ட் தாளை லூப்புக்கு அடியில் வைத்து முதன்முதலில் வானப் பகுதியைப் பார்த்த நாள் நினைவிருக்கிறது. வெறும் கண்ணுக்கு மென்மையான சாம்பல் மேகமாகத் தெரிந்த இடம், கோடையில் வற்றிய ஏரி மண்ணின் வெடிப்பு மாதிரி ஒழுங்கற்ற வலையாக விரிந்தது. ஒவ்வொரு வெள்ளைத் தீவும் ஒரு பிசின் பொட்டு நின்ற இடம். அதன் மேல் தூரிகையால் இழுத்த நீலம், கோட்டைத் தாண்டி ஓரிடத்தில் கொஞ்சம் வழிந்திருந்தது. யாரோ ஒருவர் கை அன்று சற்று அவசரப்பட்டிருக்கிறது. நவீன ஆப்செட் மறுபதிப்பில் இது எதுவும் இருக்காது; ஒரே அளவுப் புள்ளிகள் வரிசை மாறாமல் பூ வட்டம் போட்டிருக்கும்.

அடுத்து, விரல் நுனி. தகட்டை அழுத்தியதால் படத்தைச் சுற்றித் தாள் செவ்வகமாகப் பதிந்திருக்கும். அந்தப் பதிவு இல்லை என்பதாலேயே ஒதுக்கிவிடவும் கூடாது. புத்தகக் கட்டுக்காக ஓரம் வெட்டிய படங்களில் அது போயிருக்கும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் தாளைப் பார்க்க வேண்டும். நல்ல ஆங்கிலத் தாள்களில் ‘ஜே. வாட்மேன்’ என்ற நீர்க்குறியும் சிலவற்றில் ஆண்டும் தெரியும். படத்தில் 1798 என்று அச்சாகியிருந்து தாளில் அதற்குப் பல ஆண்டு பிந்திய குறி இருந்தால், பழைய தகட்டைப் பின்னாளில் எடுத்து மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

விலையை விட எனக்குக் கவலை தருவது வேறு. தொகுப்பாகக் கட்டிய புத்தகங்களைப் பிரித்து ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக விற்பது இந்த வியாபாரத்தில் சாதாரணம். இருபது பேர் சுவரில் இருபது படம் தொங்கும். அதோடு படத்துக்கான விளக்க உரை, வரிசை எண், பக்கத்துப் படம் எல்லாம் சிதறிப் போகும். ஹண்டரின் ஸ்ரீபெரும்புதூர் எந்தப் படத்துக்கு முன்னால், எதற்குப் பின்னால் வந்தது என்று தெரிந்தால்தான் அவர் போன பாதையையே ஊகிக்க முடியும். ஏற்கெனவே பிரிந்துபோன தாளை வாங்குவதில் குற்றமில்லை. முழுப் புத்தகத்தைப் பிரிக்கச் சொல்லி ஒரு படத்தைக் கேட்பது சரித்திரத்துக்குச் செய்யும் தீங்கு. அதை எந்தச் சேகரிப்பாளரும் செய்யக் கூடாது.

நம் தட்பவெப்பம் தாளுக்கு எதிரி. கடற்கரை ஈரமும் ஏப்ரல் வெயிலும் மாறி மாறித் தாக்க, தாளில் பழுப்புப் புள்ளிகள் பூக்கும். பசை வாசனைக்கு ராமபாணப் பூச்சி வரும். பிரேம் போடும் கடையில் பின்பக்கம் ஹார்ட்போர்டு வைத்து ஆணி அடித்து, செலோ டேப் ஒட்டித் தருவார்கள். ஹார்ட்போர்டின் அமிலம் சில ஆண்டுகளில் தாளைப் பழுப்பாக்கும். டேப்பின் பசை நிரந்தரக் கறையாகும். அமிலமில்லாத மவுண்ட் போர்டு, படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே இடைவெளி, வெளிச்சுவராக இல்லாத உள்சுவர், நேர் வெயில் படாத மூலை ஆகியவை போதும். எல்லாவற்றையும் மாட்டி வைக்கவும் வேண்டாம். தட்டையான பெட்டியில் படுக்க வைத்து மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பவரிடம்தான் படம் நீண்ட நாள் வாழும்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருள்கள் தொல்பொருள்களாகின்றன. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது. வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். லண்டனில் பிறந்த தாளாக இருந்தாலும், இங்கே வந்து சேர்ந்த நம் ஊர்ப் படங்கள் இங்கேயே தங்க இது ஒரு காப்பு.

வசதி உள்ளவர் டேனியல் வாங்கட்டும். மற்றவர்கள் ஓர் ஊரை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். செங்கல்பட்டு மாவட்டக்காரருக்கு மாமல்லபுரம் இருக்கிறது. அதன் செதுக்குப் பாறைகள் டேனியல்களின் 1799-ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் உண்டு. காஞ்சிபுரமும் ஸ்ரீபெரும்புதூரும் எட்டிப் பிடிக்கும் தூரம். டச்சு வரலாற்றில் ஆர்வமுள்ளவருக்குப் பால்டேயஸ் 1672-இலும் வாலன்டைன் 1720-களிலும் வெளியிட்ட நூல்களில் நாகப்பட்டினமும் யாழ்ப்பாணமும் இருக்கின்றன. ஓர் ஊரைப் பிடித்து, அதன் படங்களின் அச்சுப் பிரதியையோ இணையப் பிரதியையோ கையில் வைத்துக்கொண்டு, அதே கோணத்தில் போய் நின்று இன்றைய புகைப்படம் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் போதும். மறைமலை நகரில் 1990-களில் எழுந்த கார் தொழிற்சாலையில் 2022-இல் கார் உற்பத்தி நின்றே போனது. இந்த வட்டாரத்தில் கட்டடங்களின் ஆயுள் கோயில்களின் ஆயுளைப் போன்றதல்ல. இன்றைக்கு எடுக்கும் அந்தப் புகைப்படம் நாளைக்கு யாருக்காவது டேனியல் படமாக இருக்கும்.

உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ பழைய ஊர்ப் படம் ஒன்று பிரேமுக்குள் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை மெதுவாகக் கழற்றிப் பாருங்கள். கீழே உள்ள மூன்று பெயர்களையும் தேதியையும் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அது எந்த ஊர் என்று தெரிந்தால், படத்தின் தாளில் அல்லாமல் மவுண்டின் பின்பக்கம், பேனாவால் அல்லாமல் பென்சிலால், அந்த ஊரின் பெயரைத் தமிழில் எழுதி வையுங்கள்.